எந்தக் கோவையில் தேடுவது? குடும்பப்பெயர் இல்லாத சனமும் ஆவணங்களும்

பொன்னம்பலம் குமாரசுவாமி, பொன்னம்பலம் இராமநாதன், பொன்னம்பலம் அருணாசலம். மூன்று பேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆட்களைக் குடும்பப்பெயர்ப்படி அடுக்கி வைக்கிற ஒரு சுவடிக்கூடத்தில இவர்களைத் தேடிப் போனால் என்ன நடக்கும்? கடைசியில் வாற பேர்தான் குடும்பப்பெயர் எண்டு எடுக்கிற கோவையில், ஆங்கில எழுத்துப்படி அருணாசலம் முதல் பெட்டியில் இருப்பார். இராமநாதன் கடைசிப் பெட்டிகளில் ஒன்றில். குமாரசுவாமி இரண்டு பேருக்கும் நடுவில் எங்கேயோ இருப்பார். அவருக்குப் பக்கத்தில் யார் என்று பார்த்தால் தாய்மாமன் முத்துக்குமாரசுவாமி, அந்த மாமன்ட மகன் ஆனந்த குமாரசுவாமி. அண்ணன் தம்பி மூன்று பேரும் மூன்று பெட்டியில், மாமனும் மருமகனும் மச்சானும் ஒரே பெட்டியில்.

சரி, முன்னால் வாற பேரைக் குடும்பப்பெயராக எடுப்போம் என்றால் சகோதரங்கள் மூன்று பேரும் 'பொன்னம்பலம்' என்ற ஒரே கோவைக்கு வந்துவிடுவினம். ஆனால் அந்தக் கோவைக்குள் அவர்களின் தகப்பன் இல்லை. அவர் அருணாசலம் பொன்னம்பலம், ஆகவே 'அருணாசலம்' கோவைக்குப் போய்விட்டார். அதே கோவைக்குள் அவருடைய பேரன் சேர் அருணாசலம் மகாதேவாவும் இருப்பார், ஆனால் அவர் அங்கே இருப்பது வேறொரு அருணாசலத்தின் மகனாக. தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையில் நிற்கிற ஆள் மட்டும் பக்கத்துப் பெட்டியில். கடைசிப் பேர்ப்படி அடுக்கினால் 'பொன்னம்பலம்' கோவைக்கு இந்தக் குடும்பத்தோடு சம்பந்தமே இல்லாத ஜி. ஜி. பொன்னம்பலமும் வந்து சேருவார்.

இதில எங்களுக்குப் பிடித்த முரண் என்னவென்றால், இந்த அருணாசலம் 1887இல் பதிவாளர் நாயகமாகக் கடமையாற்றியவர், 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தியவர். அதாவது இலங்கையில் யார் பிறந்தார், யார் செத்தார், எந்தக் காணி யாருக்கு எழுதப்பட்டது என்ற பதிவுகளுக்கெல்லாம் பொறுப்பாக ஒருகாலம் இருந்தவர், குடும்பப்பெயர் என்ற ஒன்றே இல்லாத ஆள்.

எங்கட சனத்தின் பெயர் முறை தெரிந்ததுதான். தகப்பன்ட பேரின் முதலெழுத்து, பிறகு தன்ட பேர். மகன் வரும்போது அந்தத் தன்ட பேர் முதலெழுத்தாகச் சுருங்கும், பேரன் வரும்போது அதுவும் போய்விடும். மூன்றாம் தலைமுறைக்கு ஒரு பேர் பிழைச்சிருந்தால் அது அதிசயம். சிங்களப் பெயர்களில் முன்னால் நிற்கிற எழுத்துகளுக்குள் 'கே' என்று முடியும் பரம்பரைப் பேர் ஒளிந்திருக்கும், கடைசியில் வாறது பெரும்பாலும் குடும்பப்பெயர். அரசாங்கப் படிவத்தில் 'முதலெழுத்துகளுடன் பெயர்' என்று கேட்கிற அதே கட்டத்துக்குள் இரண்டு சனமும் எழுதுகிறது, ஆனால் எழுதுகிற விஷயம் ஒன்றல்ல.

இப்ப கொட்டாஞ்சேனைக்கு வாங்கோ. அங்கே இந்தக் கதை அப்படியே தலைகீழாகும். புனித லூசியா பேராலயத்தையும் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலையும் சுற்றி வாழ்ந்த கத்தோலிக்கத் தமிழர்களில் பரதர்களுக்குக் குடும்பப்பெயர் இருக்கு: பெர்னாண்டோ, கொரேரா, மோத்தா, ரொட்ரிகோ. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக் கரையில் போர்த்துக்கேயரிடம் ஞானஸ்நானம் எடுத்தபோது ஒட்டிய பேர்கள். கொழும்புச் செட்டிமாருக்கும் அப்படித்தான் தலைமுறை தாண்டி நிற்கிற பேர்கள். சைமன் காசிச்செட்டியை இங்கே நினைக்கலாம், 1859இல் 'தமிழ் புளூட்டாக்' எழுதிப் புலவர்களை ஒரு பட்டியலுக்குள் கொண்டுவந்தவர். குடும்பப்பெயர்ப்படி தேடினால் இவர்களெல்லாம் சுலபமாகக் கிடைப்பார்கள் என்று நினைப்பீர்கள். பெர்னாண்டோ என்று தேடிப் பாருங்கோ. நீர்கொழும்புச் சிங்களவர், மொறட்டுவைச் சிங்களவர், தூத்துக்குடியில் இருந்து வந்த பரதர், மன்னார் தமிழர் எல்லாரும் கலந்து ஒரு கடல் மாதிரி வரும். 2012 குடிசன மதிப்பீட்டில் பரதரும் இலங்கைச் செட்டிகளும் தனித்தனி வகைகளாக எண்ணப்பட்டார்கள். அந்த எண்ணிக்கையைப் பேரை வைத்து மட்டும் யாராலும் எடுத்திருக்க முடியாது. ஆளிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

கோவில் பதிவேடுகள் இதைத் தாங்கும், ஏனென்றால் அவை பேர்ப்படி ஓடுகிறதில்லை. திரெந்துப் பொதுச்சங்கம் 1563இல் பங்குக் குருமார் ஞானஸ்நானத்தையும் கலியாணத்தையும் எழுதி வைக்க வேண்டும் என்று கட்டளை போட்ட காலத்தில் இருந்து அவை திகதிப்படி ஓடுகின்றன. பிள்ளை, தகப்பன், தாய், ஞானத்தகப்பன், ஞானத்தாய் எல்லாரும் ஒரே பதிவில். தாயின் பேர் இருப்பதைக் கவனியுங்கோ, பிறகு அதுக்கு வருவோம். அரசாங்கத்துப் பிறப்பு, இறப்புப் பதிவுகளும் பிரிவு, திகதி, இலக்கம் என்றுதான் கட்டப்பட்டிருக்கு. ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டில் எழுதின தோம்புகளும் கோறளை, ஊர், வீடு என்றுதான் போகும். காணித்தோம்பு காணியை எழுதியது, தலைத்தோம்பு ஆட்களையும் அவர்கள் செய்ய வேண்டிய ஊழியத்தையும் எழுதியது. இப்ப அவை கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் இண்டைக்கும் பழைய உறுதி வாசிக்கிறவர்கள் வாயில் 'தோம்பு' என்ற சொல் உயிரோட இருக்கு.

அப்ப குடும்பப்பெயர்ப்படி ஆட்களை அடுக்குகிற வழக்கம் இங்கே எங்கிருந்து வந்தது? ஒரு வழி பறங்கியரிடம் இருந்து. இலங்கையின் முதல் அரசாங்கச் சுவடிக் காப்பாளர் ரிச்சர்ட் ஜெரால்ட் அந்தோனிஸ். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் விட்டுப்போன கட்டுகளை ஒழுங்குபடுத்தியவர். அதே ஆள்தான் 1908இல் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தை முன்னின்று தொடங்கியவர். அந்தச் சங்கத்தின் சஞ்சிகை ஒவ்வொரு குடும்பமாக எடுத்து வம்சாவளி போட்டது. தலைப்பே குடும்பப்பெயர்தான். கம்பனிச் சேவைக்குக் கப்பல் ஏறி வந்த முதல் ஆள், அவருடைய ஊர், கலியாணம், பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் என்று பக்கம் பக்கமாகப் போகும். ஐரோப்பியத் தகப்பன்வழியைக் காட்டினால்தான் சங்கத்துக்குள் இடம், ஆகவே வம்சாவளி வெறும் ஆசைக்கு எழுதியதில்லை, அது நுழைவுச்சீட்டு. தாய்வழியில் வந்த சிங்கள, தமிழ், போர்த்துக்கேயப் பாட்டிமார் அந்தப் பக்கங்களில் ஒரு பேரோடு வந்து போய்விடுவார்கள். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நூறு வருஷம் கழிந்து பறங்கியர்கள் மெல்பேர்னுக்கும் பேர்த்துக்கும் போன பிறகும் அவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தச் சஞ்சிகையைத் திறந்து தங்கட ஆட்களைக் கண்டுபிடிக்கினம். எங்களிடம் அப்படி ஒன்று இல்லை.

உலகத்தில் குடும்பப்பெயர் இல்லாத சனம் நாங்கள் மட்டும் இல்லை. பிலிப்பைன்ஸில் 1849இல் ஸ்பானிய ஆளுநர் கிளாவேரியா ஒரு பெரிய பேர்ப்பட்டியல் அச்சடித்து ஊர் ஊராக அனுப்பி, குடும்பத்துக்கு ஒரு பேர் எடுங்கள் என்று கட்டளை போட்டார். வரி தண்டவும் ஆளை அடையாளம் காணவும்தான். சில ஊர்களில் இன்றைக்கும் ஏகப்பட்ட குடும்பங்களின் பேர் ஒரே எழுத்தில் தொடங்குவது அதனால்தான். துருக்கியில் 1934இல் சட்டம் போட்டுக் குடும்பப்பெயர் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம் ஐஸ்லாந்து இருக்கு. அங்கேயும் எங்களை மாதிரி தகப்பன்ட பேர்தான் பின்னால் வரும், மகன் என்றோ மகள் என்றோ ஒரு ஒட்டோடு. அவர்கள் சனத்தை மாற்றவில்லை, தொலைபேசிப் புத்தகத்தை மாற்றினார்கள். முதற்பேர்ப்படி அடுக்கி, பக்கத்தில் தொழிலையும் போட்டார்கள். வசதிக்கு யார் வளைய வேண்டும், ஆளா கோவையா என்ற கேள்விக்கு ஒரு நாடு கொடுத்த பதில் அது.

எங்களுக்கு வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக் கவுண்டர்கள் வேறு பதில் கொடுத்தன. இலங்கைக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்கு ஒரு கட்டம், ஏனைய பெயர்களுக்கு ஒரு கட்டம். தகப்பன்ட பேர் முதல் கட்டத்துக்குள் போனது. ரொறன்ரோவில் பள்ளிக்கூட ரீச்சர் பிள்ளையைத் தாத்தாட பேரால கூப்பிடுறா, வங்கியில் மனிசியை மாமாட பேரால கூப்பிடினம். ஒருகாலத்தில் எப்படியும் மாறிப்போகிற பேர், விமானநிலையத்தைத் தாண்டின கணத்தில் உறைந்துபோனது. உள்ளூரிலும் சில அரசியல் குடும்பங்களில் இது முன்னரே நடந்திருக்கு. ஜி. ஜி. பொன்னம்பலம், குமார் பொன்னம்பலம், கஜேந்திரகுமார் பொன்னம்பலம் என்று மூன்று தலைமுறை. அது விதிவிலக்கு.

பேர் ஆங்கிலத்துக்குப் போகும்போது இன்னொரு சிக்கல். கந்தையாவைச் சிலர் 'கே'யிலும் சிலர் 'சி'யிலும் தொடங்குவார்கள். ஞானம் 'ஜி'யிலும் இருக்கும், 'என்'னிலும் இருக்கும். குமாரசாமியை எத்தனை விதமாக எழுதலாம் என்பதைக் கொழும்புப் பழைய தொலைபேசிப் புத்தகம் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் 1918இல் றொபேர்ட் ரசல் என்பவர் 'சவுண்டெக்ஸ்' என்ற முறைக்குக் காப்புரிமை எடுத்தார். பேரின் முதல் எழுத்தை அப்படியே வைத்து, மிச்ச ஒலிகளை எண்களாக மாற்றி, ஒரே மாதிரி ஒலிக்கிற பேர்களை ஒரே இடத்தில் சேர்ப்பது. பிறகு அங்கத்தைய குடிசன மதிப்பீடுகளுக்கும் இதில் சுட்டி செய்தார்கள். எங்கட பேர்களுக்கு இது சரிவராது. எங்கட குழப்பமே அந்த முதல் எழுத்தில்தான் இருக்கு.

இவ்வளவும் நூலகச் சிக்கல் என்று விட்டுவிடலாம், கொழும்பு கொழும்பாக இல்லாமல் இருந்திருந்தால். இந்த நகரத்தில் தமிழ் ஆட்களுக்குப் பேர்ப்பட்டியல் என்றால் முதலில் ஞாபகம் வருவது நூலகம் இல்லை.

1983 ஜூலையில் கும்பல்கள் வீடு வீடாக வந்தபோது சிலருடைய கையில் வாக்காளர் இடாப்பு இருந்ததை அந்தக் காலத்துச் சாட்சியங்களும் பிறகு வந்த ஆய்வுகளும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அந்த இடாப்பு குடும்பப்பெயர்ப்படி இல்லை, வீதி, வீட்டிலக்கம் என்று போகும். அதுதான் அவர்களுக்கு வாய்ப்பாகப் போனது. எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று இலக்கம் சொன்னது, தட்டலாமா என்று பேர் சொன்னது. குடும்பப்பெயர் இல்லாத பேரே தமிழன் என்பதற்கு அடையாளமாக இருந்தது. பெர்னாண்டோ என்ற பேர் கொட்டாஞ்சேனையில் சிலரைக் காப்பாற்றியும் இருக்கும்.

பிறகு பொலிஸ் பதிவு. போர்க்காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளர்ந்த எங்கட வயதுக்காரருக்கு அது தெரியும். வீட்டில் இருக்கிற எல்லாருடைய பேர், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர், கொழும்புக்கு வந்த காரணம். அந்தத் துண்டைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டாத குறை. வீட்டுக்காரர் தன் வீட்டில் இருப்பவர்களின் பட்டியலைப் பொலிசுக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு 1865ஆம் ஆண்டுப் பொலிஸ் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கு. ஆனால் அது யாருடைய கதவைத் தட்டியது என்பதுதான் விஷயம். 2007 ஜூன் 7 விடியப்புறம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் இருந்து தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். பொலிஸ் சொன்ன கணக்கு 376 பேர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, அடுத்த நாளே உயர் நீதிமன்றம் தடை விதித்தது, பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். அடுத்த வருஷம் 2008 செப்ரெம்பர் 21இல், கடந்த ஐந்து வருஷத்துக்குள் வடக்கில் இருந்து கொழும்புக்கு வந்தவர்கள் எல்லாம் வந்து பதியச் சொன்னார்கள். வெயிலுக்குள் வரிசை நின்றது.

ஆகவே 'தமிழ்க் குடும்பங்களின் பேர், ஊர், உறவு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடக்கூடிய மாதிரிச் செய்யப் போறம்' என்று யாராவது சொன்னால், எங்கட அம்மா அப்பாமாரின் முதல் கேள்வி 'ஏன்?' என்பதுதான். அந்தக் கேள்வியைப் பழைய பயம் என்று தள்ளக்கூடாது.

ஆனால் பட்டியலில் இல்லாமல் போனவர்களுக்கு நடந்ததையும் பக்கத்தில் வைக்க வேண்டும். 1948 குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்த ஆளிடம் தகப்பன் இலங்கையில் பிறந்ததைக் காட்டு, இல்லாவிட்டால் தகப்பன்ட தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்றது. மலையகத்தில் பிறந்து கொட்டாஞ்சேனைப் பக்கம் வேலைக்கு வந்த ஆளுக்கு அது என்ன மாதிரிக் கேள்வி என்று யோசியுங்கோ. தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பேர், பிறப்புப் பதிவில் இன்னொரு பேர், பல பேருக்குப் பதிவே இல்லை. குடும்பப்பெயர் இல்லாத சனத்திடம் மூன்று தலைமுறையைக் காகிதத்தில் இணைத்துக் காட்டச் சொன்னால், ஒவ்வொரு தலைமுறைக்கும் தனித்தனியாக ஒரு காகிதம் வேண்டும். பத்து இலட்சத்துக்குக் கிட்ட ஆட்கள் நாடில்லாமல் நின்றார்கள். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்து, மிச்சம் 150,000 பேரின் விஷயத்தைப் பிறகு பார்ப்போம் என்று விட்டது. முழுதாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. பட்டியல் இருந்தாலும் அடி, இல்லாவிட்டாலும் அடி.

இந்த இடத்தில் எங்கட கையில் இருக்கிற பெட்டிகளைப் பற்றிச் சொல்லலாம். போன வருஷம் வெள்ளவத்தையில் பழைய வீட்டை ஃபிளாட் கட்டக் கொடுத்த இரண்டு குடும்பங்கள், தூக்கி எறிய மனமில்லாத பேப்பர்களை எங்களிடம் தந்தன. அதுக்குள் பாதிக்கு மேல் நினைவுமலர்கள், 'கல்வெட்டு' என்று பழைய ஆட்கள் சொல்கிற புத்தகங்கள். 31ஆம் நாள் அந்தியேட்டிக்குப் பிறகு வந்தவர்களுக்குக் கொடுப்பது. முன்பக்கத்தில் படம், பிறகு தேவாரம், கந்தசஷ்டி கவசம். அந்தக் கவசத்துக்காகத்தான் அவை சாமியறையில் இத்தனை வருஷம் தப்பியிருக்கின்றன. ஆனால் நடுவில் இரண்டு மூன்று பக்கம் வம்சாவளி இருக்கும். அதை வாசித்தபோதுதான் எங்கட சனம் ஆட்களை எப்படி அடுக்குகிறது என்பது பிடிபட்டது.

வீரகேசரியிலோ தினக்குரலிலோ ஒரு மரண அறிவித்தலை எடுத்து வாசியுங்கோ. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்டவர். காலஞ்சென்ற இன்னாருக்கும் இன்னாருக்கும் மகன், இன்னாரின் மருமகன், இன்னாரின் கணவர், இன்னாரின் தகப்பன், இன்னாரின் மைத்துனர், கனடாவில் இருக்கிற இன்னாரின் பெரியப்பா. ஒரு ஆளுக்கு இருபது முப்பது கொழுவிகள். அடையாளம் என்பது பேருக்குள் இல்லை, பேரைச் சுற்றி இருக்கிற உறவுக்குள்ளும் ஊருக்குள்ளும் இருக்கு. யாழ்ப்பாணத்தில் ஒரு வயதான ஆளிடம் பேரைச் சொன்னால் 'எந்த ஊர்? ஆற்ற மகன்?' என்று கேட்பதும் இதே கோவைமுறைதான். மரண அறிவித்தலும் நினைவுமலரும்தான் எங்கட உண்மையான ஆள்சுட்டி. நாங்கள் அதைச் சுட்டி என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

நூலகம் நிறுவனம் 2005இல் தொடங்கி எண்ணிமப்படுத்திக் கொண்டு வருவதில் இந்த நினைவு வெளியீடுகளும் இருக்கின்றன. அவர்களுடைய 'ஆளுமை' பக்கங்களில் பேர் எழுதுகிற விதத்தைக் கவனித்தால் ஒரு முடிவு தெரியும்: சிவத்தம்பி, கார்த்திகேசு. கைலாசபதி, கனகசபாபதி. முதலில் ஆளின் சொந்தப் பேர், காற்புள்ளி, பிறகு தகப்பன். மேல்நாட்டு முறையில் காற்புள்ளிக்கு முன்னால் நிற்பது குடும்பப்பெயர். இங்கே அதே குறியை வைத்துக்கொண்டு, அர்த்தத்தை மாற்றிவிட்டார்கள். கீழே தந்தை, தாய், ஊர், வகை என்று தனித்தனியாக வரும். சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதனையும் இப்படித்தான் அடுக்க வேண்டும். 'எஸ்' ஊர், 'ஆர்' தகப்பன் ராமாமிர்தம், மிச்சம்தான் அவர். ஒரு சின்னக் காற்புள்ளியில் இவ்வளவு யோசனை இருக்கு, எங்களுக்கு அது பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

ஆனாலும் இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று பெண்கள். பத்மா சோமகாந்தன் என்று ஊரெல்லாம் தெரிந்த எழுத்தாளரின் பேரில் பின்னால் நிற்பது கணவர் பேர். கலியாணத்துக்கு முதல் ஒரு பேர், பிறகு ஒரு பேர் என்றால் ஒரு பெண் தன் வாழ்க்கை நடுவில் கோவை மாறிப் போகிறாள். பள்ளிக்கூட இடாப்பில் இருக்கிறவளும் ரீச்சராக ஓய்வு பெற்றவளும் ஒரே ஆள் என்று யார் சொல்வது? எங்களிடம் வந்த நினைவுமலர்களில் ஆண்களின் வம்சாவளி தாத்தா, பூட்டன் என்று மேலே போகும். பெண்களுக்கு அது கணவர்வழியாகக் கீழே பிள்ளைகளுக்குப் போய்விடும். தாயின் தாய்க்குப் பேரே இல்லாமல் 'மனைவியார்' என்று மட்டும் போட்ட பக்கங்களும் உண்டு. கோவில் ஞானஸ்நானப் பதிவில் தாயின் பேர் கட்டாயமாக இருந்ததை முதலில் சொன்னோம். இந்த விஷயத்தில் பாதிரியாரின் புத்தகம் எங்கட புத்தகத்தைவிட நேர்மையானது.

மற்றது சாதி. தோம்பு அதை நேரே எழுதியது. நினைவுமலர் எழுதாது, ஆனால் ஊர், ஊருக்குள் குறிச்சி, கோவில், கலியாணம் செய்த பக்கம் எல்லாம் சேர்ந்தால் தெரிந்தவனுக்கு வாசிக்கத் தெரியும். தமிழ்நாட்டில் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பேருக்குப் பின்னால் நிற்கிற சாதிப் பட்டத்தைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. எங்கட பேர்முறையில் தகப்பன்ட பேருக்கு மேல் ஒன்றும் இல்லாமல் இருப்பதில் ஒரு மறைப்பும் பாதுகாப்பும் இருக்கு. கொழும்புக்கு வந்து ஒரு ஃபிளாட் எடுத்தால் 'க. இராசன்' வெறும் க. இராசன்தான். அவரை மூன்று தலைமுறையோடும் குறிச்சியோடும் இணைத்துத் தேடுபொறியில் போட்டால், அவர் எதை விட்டு வந்தாரோ அதை அவருடைய பிள்ளைகளின் கலியாணத் தரகர் கையில் கொடுத்ததாக முடியும். பறங்கியர் சங்கம் வம்சாவளியை நுழைவுச்சீட்டாக்கியது போல, எங்கட வம்சாவளிகளையும் அதுக்குப் பாவிக்க ஆட்கள் காத்துக்கொண்டு இருக்கினம்.

அதனால் எங்கட பெட்டிகளுக்கு நாங்கள் வைத்த ஒழுங்கு இதுதான். கோவையின் தலைப்பு ஆளின் சொந்தப் பேர், தமிழில். தகப்பன், தாய் இரண்டு பேருக்கும் சம இடம். தாயின் பேர் தெரியாவிட்டால் கட்டத்தை வெறுமையாக விடுவோம், எடுத்துவிட மாட்டோம். அந்த வெறுமையும் ஒரு தகவல். பெண்களுக்குக் கலியாணத்துக்கு முந்தின பேரில் கோவை, மற்றப் பேரில் இருந்து இங்கே வரச் சொல்லி ஒரு துண்டு. ஆங்கில எழுத்துக்கூட்டல்கள் எத்தனை கண்டாலும் அத்தனையும் பக்கத்தில். ஊர் இருக்கும், குறிச்சி சுட்டியில் வராது. உயிரோடு இருப்பவர்களின் பேர் யாருக்கும் தேடக் கிடைக்காது. இந்தக் கடைசி இரண்டு விஷயத்திலும் எங்களுக்குள் சண்டை நடந்தது, இன்னும் நடக்குது. குறிச்சி இல்லாமல் ஒரே ஊரில் இருக்கிற நாலு கந்தையாவை எப்படிப் பிரிப்பது என்று கேட்கிறவர்களின் கேள்வியும் நியாயமானது. இப்போதைக்குப் பிறந்த வருஷத்தையும் மனைவியின் பேரையும் வைத்துப் பிரிக்கிறோம்.

வெள்ளவத்தையில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு பழைய வீடாவது இப்ப உடைபடுது. உங்கட வீட்டு அலுமாரிக்குள்ளும் சாமியறைக்குள்ளும் இப்படிப் புத்தகங்கள் இருந்தால் பழைய பேப்பர்காரனுக்குக் கொடுக்க முதல் ஒரு பென்சில் எடுங்கோ. படத்தில் நிற்கிற பெண்களின் பேரையும், அவர்களின் அம்மாமாரின் பேரையும், ஊரையும் பின்பக்கத்தில் எழுதுங்கோ. எழுதச் சொல்லித் தரக்கூடிய ஆள் வீட்டில் இருந்தால் இந்தக் கிழமையே கேளுங்கோ. எங்களுக்குத் தர வேண்டும் என்றில்லை.